காலனி காலத்து ஃப்ரான்ஸஸ் டேவர்ன் மியூசியம்: இதுல எவ்ளோ பழசு, எவ்ளோ புதுசு?

ஜெர்சி_பரமு:
எல்லாருக்கும் வணக்கம். நியூயார்க் லோயர் மன்ஹாட்டன்ல பேர்ல் ஸ்ட்ரீட்டும் ப்ராட் ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில ஃப்ரான்ஸஸ் டேவர்ன்னு ஒரு மியூசியம் இருக்கு, அமெரிக்க சுதந்திரப் போர் காலத்துல வாஷிங்டன் வந்த டேவர்ன்னு (அந்தக் காலத்து விடுதி) சொல்வாங்க. ஊர்லேருந்து வந்த மாமனார கூட்டிட்டுப் போனேன். மனுஷன் பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவரு, உள்ள இருக்கற கொடி கத்தி எதையும் சரியா பாக்கல, வெளிய வந்து சுவத்தையே பாத்துட்டு நின்னாரு. "மாப்ள, இது எரநூறு முந்நூறு வருஷத்து வேலை கெடையாது"ன்னு ஒரே போடா போட்டுட்டாரு. வீட்டுக்கு வந்து தேடினா ஒருத்தர் மன்ஹாட்டன்லயே ரொம்ப பழைய கட்டடம் இதுதான்றாரு, இன்னொருத்தர் 1907ல கட்டுன டூப்ளிகேட்றாரு. எது நிஜம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செங்கல்_சுப்பு:
மாமனாருக்கு ஒரு சல்யூட். நான் பழைய கட்டடங்கள ரிப்பேர் பண்ற வேலைல இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்குங்க.

1719ல ஸ்டீஃபன் டிலான்ஸின்னு ஒரு பெரிய வியாபாரி அங்க கட்டினது வீடு. 1762ல சாமுவேல் ஃப்ரான்ஸஸ் அத வாங்கி குயின்ஸ் ஹெட்னு பேரு வச்சு டேவர்ன் தொறந்தாரு (ராணி சார்லட்ட மனசுல வச்சு வச்ச பேரு, அப்போ ராஜா ராணி மேல கோவம் வரல இன்னும்). அப்புறம் கை மாறி கை மாறி போச்சு, 1832லேருந்து பல தடவ தீப்புடிச்சிருக்கு, ஒவ்வொரு தடவையும் எரிஞ்சது போக மிச்சம் நின்னது மேலயே கட்டினாங்க, நடுவுல மேல ரெண்டு மாடி வேற ஏத்திட்டாங்க. 1900 வாக்குல ஓனர் இடிக்கப் போறாருன்னு பேச்சு வந்தப்போ அது பாக்க அந்தத் தெருவுல இருந்த மத்த பழைய கட்டடம் மாதிரி தான் இருந்துச்சு.

1904ல சன்ஸ் ஆஃப் தி ரெவல்யூஷன்ங்கற அமைப்போட (சுதந்திரப் போர்ல இருந்தவங்க வாரிசுங்க சங்கம்) நியூயார்க் கிளை வாங்கி, வில்லியம் மெர்செரோன்னு ஒரு ஆர்க்கிடெக்ட்கிட்ட குடுத்தாங்க. சிக்கல் என்னன்னா டிலான்ஸி கட்டினப்போ வெளிப்புறம் எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஒரு படம் கூட கெடையாது. அவரு ஏத்தின ரெண்டு மாடியையும் எறக்கினாரு, ஒட்டினாப்ல இருந்த கட்டடத்து சுவத்துல பழைய கூரை நின்ன தடம் தெரிஞ்சுது அத வச்சு கூரைச் சரிவ எடுத்தாரு, மிச்சமெல்லாம் அந்தக் காலத்து பணக்கார வீடு பொதுவா எப்படி இருக்குமோ அப்படி. 1907 டிசம்பர் 4 தொறந்தாங்க. இது ரெஸ்டோரேஷன் இல்ல கற்பனைன்னு அப்பவே சண்டை போட்டவங்க உண்டு.

அதனால டூப்ளிகேட்னும் சொல்ல முடியாது, 1719 கட்டடம்னும் சொல்ல முடியாது. உள்ள பழைய சுவர் கொஞ்சம் நிக்குது, கண்ணுக்குத் தெரியற முகம் மெர்செரோ குடுத்தது.

ஒண்டிக்கட்டை_ஓஹையோ:
அதாவது யாரும் பாக்காத வீட்ட யூகிச்சுக் கட்டி, மேல மியூசியம்னு டிக்கெட் போட்டு, கீழ பார் வச்சு பீர் விக்கறானுங்க. சூப்பர் பிசினஸ் 😂

மதுரை_டீச்சர்:
@ஒண்டிக்கட்டை_ஓஹையோ பீர் விக்கறது தானே அந்த இடத்தோட தொழிலே, 1762லேருந்து! டேவர்ன்னா வெறும் குடிக்கிற எடம்னு நெனைக்காதீங்க, நம்ம ஊர் சத்திரமும் சாராயக்கடையும் தபாலாபீசும் ஒரே கூரைல இருந்தா எப்படியோ அப்படி. பேப்பர் வந்தா அங்க சத்தமா படிப்பாங்க, ஏலம் அங்க நடக்கும், கம்பெனி பங்காளிங்க கணக்கு தீக்கறது அங்க. நியூயார்க் சேம்பர் ஆஃப் காமர்ஸ 1768ல ஆரம்பிச்சதே இந்த ஃப்ரான்ஸஸ் டேவர்ன்ல தான். ராத்திரி தங்கினா பக்கத்துல முன்ன பின்ன தெரியாத ஆளோட ஒரே கட்டில்ல படுக்கணும், யாரும் அத பெருசா எடுத்துக்க மாட்டாங்க. வர்ஜீனியா பக்கம் சாப்பாடு, படுக்கை, குதிரைக்குத் தீனி, ரம் எல்லாத்துக்கும் இவ்ளோ தான் வாங்கணும்னு கவுன்டி கோர்ட்டே விலை போட்டுடும், கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது.

அப்புறம் அந்த மாடி ஹால், லாங் ரூம். 1783 நவம்பர் 25 பிரிட்டிஷ் படை நியூயார்க்க விட்டுக் கிளம்புது, டிசம்பர் 4 மத்தியானம் வாஷிங்டன் தன் ஆபீசர்கள அந்த ஹாலுக்கு வரச்சொல்லி விடைபெறாரு. ஒரு கிளாஸ் வைன் ஊத்தி ரெண்டு வார்த்தை பேசறாரு, முதல்ல ஜெனரல் ஹென்றி நாக்ஸ கட்டிப்புடிக்கறாரு, அப்புறம் ஒவ்வொருத்தரா வர்றாங்க, யாருக்கும் பேச்சு வரல, எல்லார் கண்ணுலயும் தண்ணி. அங்கேருந்து நடந்து வைட்ஹால் துறைக்குப் போயி படகு ஏறி, அப்புறம் காங்கிரஸ் கூடியிருந்த அனபோலிஸ் போயி டிசம்பர் 23 பதவிய ராஜினாமா பண்ணிட்டாரு. ஜெயிச்ச தளபதி பதவிய விட்டுட்டு வீட்டுக்குப் போறது அன்னைக்கு சாதாரண விஷயமில்ல. அந்த ஹால்ல நிக்கறப்போ எனக்கு செங்கலுக்கு என்ன வயசுன்னு கேக்கவே தோணல.

நூல்புழு:
டீச்சர் சொன்ன காட்சி எங்கேருந்து வந்துச்சுங்கறதயும் சேத்து சொல்லணும். அந்த ஹால்ல இருந்த பெஞ்சமின் டால்மட்ஜ்ங்கற ஆபீசர் வயசான காலத்துல எழுதின நினைவுக்குறிப்பு, 1858ல தான் அச்சாச்சு. கண்ணீர், கட்டிப்புடிச்சது எல்லாம் பெரும்பாலும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இப்போ இன்னொண்ணு கேளுங்க. 1904ல கட்டடத்த வாங்கறதுக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சு? ஃப்ரெட்ரிக் சாமுவேல் டால்மட்ஜ் உயில்லேருந்து. அதே டால்மட்ஜோட பேரன், அந்த அமைப்போட தலைவரா இருந்தவரு. தாத்தா எழுதின காட்சி, பேரன் காசுல மேடை, தொறந்த தேதி டிசம்பர் 4. தப்பா பண்ணாங்கன்னு சொல்ல வரல, ஆனா அந்த ஹால் எந்த நாளுக்காக கட்டப்பட்டதுன்னு இதுக்கு மேல தெளிவா தெரியணுமா?

செங்கல்_சுப்பு:
இந்த உயில் விஷயம் அருமை, இது மாதிரி தகவலுக்குத்தான் இங்க வரேன்.

அலெக்ஸாண்ட்ரியா_அக்கா:
இதுக்கு நேர் தலைகீழா ஒரு கேஸ் எங்க ஊர்ல இருக்கு. வர்ஜீனியா அலெக்ஸாண்ட்ரியால கேட்ஸ்பிஸ் டேவர்ன் மியூசியம், நார்த் ராயல் ஸ்ட்ரீட்ல ரெண்டு கட்டடம் ஒட்டி ஒட்டி நிக்கும். சின்னது 1785 வாக்குல கட்டினது, பெருசு 1792ல ஜான் வைஸ்ங்கறவரு சிட்டி ஹோட்டல்னு கட்டினது. 1796லேருந்து 1808 வரைக்கும் ஜான் கேட்ஸ்பின்னு ஒரு இங்கிலாந்துக்காரர் வாடகைக்கு எடுத்து நடத்தினாரு, பேரு அவரோடது தான் நின்னுச்சு, கட்டினவர் பேரு யாருக்கும் ஞாபகமில்ல பாவம்.

இங்க கட்டடம் நிஜம், சந்தேகமே வேண்டாம். ஆனா வாஷிங்டன் பொறந்தநாள் விருந்துக்கு 1798லயும் 1799லயும் வந்த பால்ரூம் இருக்கே, அதோட மரவேலைப்பாடு மொத்தத்தயும் 1917ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் வெலைக்கு வாங்கி கழட்டிட்டுப் போயிடுச்சு. கதவு நிலை, சுவர்ப் பலகை, பாட்டுக்காரங்க ஒக்காந்து வாசிக்கிற அந்தரத்து மாடம் எல்லாம். 1924ல அந்த மியூசியத்துல அமெரிக்கன் விங்ங்கற பகுதிய தொறந்தப்போலேருந்து அது அங்கதான் இருக்கு. எங்க ஊர்ல இப்போ டூரிஸ்டுக்கு காட்டறது அத பாத்து செஞ்ச நகல். வருஷா வருஷம் அந்த நகல் ரூம்ல பழைய காலத்து டிரஸ் போட்டு பொறந்தநாள் டான்ஸ் ஆடறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும்.

1917ல ஏன் வித்தாங்கன்னா கட்டடமே அப்போ இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு தான் இருந்துச்சு. 1929ல அமெரிக்கன் லீஜன்ங்கற முன்னாள் ராணுவத்தார் சங்கத்தோட 24ஆம் நம்பர் போஸ்ட் (கிளை) வாங்கினதால தான் இடிபடாம தப்பிச்சுது. மெட்காரங்க முன்வாசல் கதவு நிலைய மட்டும் 1949ல திருப்பிக் குடுத்தாங்க. 1972ல சங்கம் நகரசபைக்குக் குடுத்துடுச்சு, சரி பண்ணி 1976ல தொறந்தாங்க. சின்ன கட்டடத்துல மியூசியம், பெரிய கட்டடத்துல கீழ ரெஸ்டாரன்ட்.

எனக்குப் புடிச்சது பால்ரூம் கூட இல்ல, தெருமுனையில தரைக்கடியில இருக்கற ஐஸ் கெணறு. குளிர்காலத்துல பொட்டோமாக் ஆறு உறைஞ்சதும் பாளம் பாளமா வெட்டிக் கொண்டுவந்து கெணத்துல அடுக்கிடுவாங்க, கோடைல எடுத்து ஐஸ்க்ரீமும் சில்லுனு பஞ்ச்ங்கற பானமும் குடுப்பாங்க. ராயல் ஸ்ட்ரீட்டும் கேமரன் ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில நடைபாதையிலேருந்தே கண்ணாடி வழியா எட்டிப் பாக்கலாம், டிக்கெட் வேணாம். அந்தக் கெணத்துல எறங்கி ஐஸ் அடுக்கினது யாரு, சமையல்கட்டுல வெந்தது யாருன்னு கேட்டா பெரும்பாலும் கேட்ஸ்பி வச்சிருந்த அடிமைகள். முன்னெல்லாம் கைடுங்க வேலைக்காரங்கன்னு சொல்லிட்டு தாண்டிடுவாங்க, இப்போ அடிமைகள்னே சொல்றாங்க. அதே கேட்ஸ்பி பின்னாடி வாஷிங்டன் டிசில பெரிய ஹோட்டல்காரர் ஆகி வெள்ளை மாளிகை பக்கத்துல டிகேட்டர் ஹவுஸ வாங்கினாரு, அங்க அடிமைகள் தங்கின கட்டடம் இன்னும் நிக்குது.

குட்டி_கலாட்டா:
சின்ன டவுட்டு. 1785ன்னா சுதந்திரம் வாங்கியாச்சே, அது எப்படி காலனி காலத்து டேவர்ன்? தலைப்புக்கு வெளிய போறீங்க அக்கா 😜

அலெக்ஸாண்ட்ரியா_அக்கா:
உனக்கு வேற வேலையே இல்லயாடா. ஊர்க்காரங்களே கலோனியல்னு தான் சொல்றாங்க, போயி அவங்கள கேளு.

தென்னந்தோப்பு:
அப்போ மூணாவது ரகத்தையும் சேத்துக்குங்க. வர்ஜீனியாலயே வில்லியம்ஸ்பர்க்ல ராலே டேவர்ன். அசெம்பிளிய கவர்னர் கலைச்சப்போ உறுப்பினர்கள் நேரா கெளம்பிப் போயி இதோட அப்போலோ ரூம்ல கூட்டத்த தொடர்ந்தாங்க, 1769லயும் நடந்துச்சு 1774லயும் நடந்துச்சு. ஆனா அந்தக் கட்டடம் 1859ல முழுசா எரிஞ்சுபோச்சு. இப்போ நிக்கறது 1930கள் ஆரம்பத்துல ராக்ஃபெல்லர் பணத்துல தோண்டி அஸ்திவாரத்த கண்டுபுடிச்சு, பழைய படத்த வச்சுக் கட்டினது. பழைய ஊரையே மியூசியமாக்கின கலோனியல் வில்லியம்ஸ்பர்க்ல மக்கள் பாக்க முதல்ல தொறந்த கட்டடமும் அதான். சொல்லப்போனா அது மெர்செரோ வேலைய விட நேர்மையானது, ஏன்னா படம் இருந்துச்சு, இருப்புப் பட்டியல் இருந்துச்சு. ஆனா ஒரு பழைய செங்கல் சுவர் கூட இல்ல. எது அசல்னு நீங்களே சொல்லுங்க.

ஒண்டிக்கட்டை_ஓஹையோ:
மூணுமே டூப்பு. முடிஞ்சுது கேஸ்.

செங்கல்_சுப்பு:
@ஒண்டிக்கட்டை_ஓஹையோ அப்படி ஒரே கோடு போட்டா நூறு வருஷத்துக்கு மேல ஜனங்க பொழங்கின எந்தக் கட்டடமும் தேறாது. கூரை ஓடு மாத்தாத, படி மாத்தாத கட்டடம் எங்க இருக்கு. என் கணக்கு வேற, எது புதுசு எது பழசுன்னு பாக்கறவனுக்கு சொல்லிட்டியா இல்லயா அவ்ளோதான். பேர்ல் ஸ்ட்ரீட்ல அத வாசல்லயே கொட்டை எழுத்துல போட்டா எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் 1907ல கட்டினதுக்கும் இப்போ வயசு நூத்துப் பத்துக்கு மேல ஆச்சு, 1965ல நியூயார்க் நகரம் அத லேண்ட்மார்க்னு அறிவிச்சுது. 1975 ஜனவரி 24 மத்தியான சாப்பாட்டு நேரத்துல எஃப்ஏஎல்என்ங்கற போர்ட்டோ ரிகோ அமைப்பு குண்டு வச்சு நாலு பேர் செத்தாங்க, அம்பது பேருக்கு மேல காயம். அது நடந்தது யூகக் கட்டடத்துல இல்ல, நிஜக் கட்டடத்துல தான்.

கரையோரம்_ரொறன்ரோ:
எல்லாரும் டிசம்பர் 4ஐப் பற்றியே கதைக்கிறீங்கள். நான் கனடாவில இருக்கிறன், எங்களுக்கு அந்தக் கட்டடம் வேற காரணத்துக்காக முக்கியம். அதே 1783இல மே மாசம் தொடங்கி நவம்பர் வரைக்கும் புதன்கிழமையளில அங்க ஒரு விசாரணை நடந்தது. பிரிட்டிஷ் பக்கம் வந்தால் விடுதலை எண்டு சொன்னதை நம்பி எசமானை விட்டு ஓடி வந்த கறுப்பின ஆக்கள் ஆயிரக்கணக்கில நியூயோர்க்கில நிண்டவை. சமாதான ஒப்பந்தத்தில அமெரிக்கரின்ர சொத்துகளைக் கொண்டு போகக் கூடாது எண்டு ஒரு வரி இருந்தது, அந்தச் சொத்துக்குள்ள இந்த மனுசரும் அடக்கம். பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் நாங்கள் குடுத்த வாக்கை மீறேலாது எண்டு நிண்டார். ஆரைக் கப்பல் ஏத்தலாம் ஆரைத் திருப்பிக் குடுக்கிறது எண்ட தகராறுகளைக் கேக்கிறதுக்குத்தான் அந்த டேவேர்னில சபை கூடினது. போக அனுமதி கிடைச்ச ஆக்களுக்கு ஜெனரல் சாமுவேல் பேர்ச்சின்ர பேரில சீட்டு. கப்பல் ஏறின கிட்டத்தட்ட மூவாயிரம் பேரின்ர பேர், வயசு, ஆரிட்ட இருந்து ஓடினவை எண்டதெல்லாம் ஒரு பேரேட்டில எழுதப்பட்டிருக்கு.

அவையளில கனபேர் வந்து இறங்கினது நோவா ஸ்கோஷியாவில. பேர்ச்சின்ர பேராலயே பேர்ச்டவுண் எண்டு ஒரு ஊர் இருக்கு, அங்க இப்ப அவையின்ர வரலாற்றுக்கு ஒரு நிலையமும் இருக்கு. போய்ப் பாத்தனான். கல்லும் பத்தையுமா கிடக்கிற நிலம், அந்தக் குளிரில குழி தோண்டி மேல கூரை போட்டு இருந்திருக்கினம். சொன்ன காணி கனபேருக்குக் கிடைக்கவேயில்லை. பிறகு 1792இல ஆயிரத்து இருநூறு பேரளவில திரும்பவும் கப்பல் ஏறி ஆபிரிக்காவுக்கு, சியரா லியோனுக்குப் போட்டினம்.

நூல்புழு:
@கரையோரம்_ரொறன்ரோ நன்றி, இதத்தான் எழுத நெனச்சேன். அந்தப் பேரேட்டுல ஹாரி வாஷிங்டன்னு ஒரு பேரு இருக்கு. மவுன்ட் வெர்னான்லேருந்து, அதாவது ஜார்ஜ் வாஷிங்டன்கிட்டேருந்து தப்பிச்சு ஓடினவரு. 1783 ஜூலை கடைசில நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு, அப்புறம் சியரா லியோனும் போனாரு. அவர் நியூயார்க்க விட்டு நாலு மாசம் கழிச்சு அவரோட பழைய எசமான் அதே நியூயார்க்குக்குள்ள ஜெயிச்சவரா நுழைஞ்சு, அந்த விசாரணை நடந்த அதே டேவர்ன்ல கண்ணீரோட விடைபெறாரு.

மதுரை_டீச்சர்:
இத படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நான் போனப்போ லாங் ரூம்ல மேசையும் நாற்காலியும் கிளாசும் அழகா எடுத்து வச்சிருந்தாங்க, இந்த விசாரணை பத்தி எனக்கு யாரும் சொல்லல.

கரையோரம்_ரொறன்ரோ:
இப்ப அதுக்கெண்டே ஒரு கண்காட்சி அங்க வைச்சிருக்கினம் டீச்சர். கனகாலம் கழிச்சு வைச்சாலும் வைச்சினம் தானே.

ஒண்டிக்கட்டை_ஓஹையோ:
சரி இத ஒத்துக்கறேன், இதுக்காக ஒருதடவ போலாம். ஆனா ஒரு கேள்வி, அந்த ஃப்ரான்ஸஸே கறுப்பர்னு எங்கயோ படிச்சேனே? பிளாக் சாம்னு பட்டப்பேரு. அவரோட பொண்ணு ஃபீபி விஷம் வச்ச பட்டாணிய தட்டிவிட்டு வாஷிங்டன காப்பாத்துனாளாம்ல?

நூல்புழு:
பட்டப்பேரு நிஜம். ஆனா அந்தக் காலத்துல கொஞ்சம் கறுத்த முகத்து வெள்ளைக்காரனுக்கும் அந்தப் பட்டம் வைப்பாங்க. 1790 கணக்கெடுப்புல அவர் வீட்ட வெள்ளையர் வீடுன்னு தான் பதிஞ்சிருக்காங்க, அடிமை வச்சிருந்ததும் பதிவாயிருக்கு. கறுப்பர் தான்னு நம்பறவங்களும் இருக்காங்க, சண்டை முடியல. பட்டாணிக் கதை பின்னாடி வந்த கட்டுக்கதை, அவருக்கு ஃபீபின்னு பொண்ணு இருந்ததா பதிவே இல்ல. 1776ல வாஷிங்டனோட காவல்படைல இருந்த தாமஸ் ஹிக்கிய தூக்குல போட்டது நிஜம், அதச் சுத்தித்தான் இந்தக் கதை வளந்துச்சு.

இன்னும் வேடிக்கை கேளுங்க. அந்த மியூசியத்துல ஃப்ரான்ஸஸ்னு ரொம்ப காலமா மாட்டியிருந்த ஆயில் பெயின்டிங் அவரோடதே இல்லன்னு இப்போ சில வருஷம் முன்னாடி தெரிஞ்சுது, யாரோ ஜெர்மன்காரர் முகமாம். ஆக கட்டடத்துக்கும் சரி ஓனருக்கும் சரி, அந்தக் காலத்து நெசமான முகம் எதுன்னு காட்ட படம் கெடையாது. 1789ல வாஷிங்டன் ஜனாதிபதி ஆனப்போ வீட்டு நிர்வாகம் முழுக்க இந்த மனுஷன் கைல தான் இருந்துச்சு, பிலடெல்ஃபியால 1795ல செத்தாரு.

குட்டி_கலாட்டா:
நம்ம ஊருக்கு இதுல ஏதாவது கனெக்சன் உண்டா இல்ல சும்மா படிச்சிட்டு இருக்கமா?

தென்னந்தோப்பு:
இருக்கு. 1774 ஏப்ரல்ல லண்டன்ங்கற கப்பல்ல டீ மறைச்சு எடுத்துட்டு வந்த கேப்டன இந்த ஃப்ரான்ஸஸ் டேவர்ன்ல வச்சுத்தான் விசாரிச்சாங்க, அப்புறம் கூட்டம் போயி டீய தண்ணில கொட்டிடுச்சு. பாஸ்டன் மட்டும் பேரு வாங்கிட்டுப் போயிடுச்சு. அங்க சண்டைக்குக் காரணமா இருந்த டீ சட்டம் யாரக் காப்பாத்தப் போட்டது? கிழக்கிந்தியக் கம்பெனிய. அதே கம்பெனி தான் அப்போ சென்னைக் கோட்டைல ஒக்காந்து ஆண்டுச்சு. யார்க்டவுன்ல 1781ல வாஷிங்டன்கிட்ட தோத்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் அடுத்து இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்து திப்புவோட சண்டை போட்டாரு, அதுக்காக வச்ச சிலை இப்போ கோட்டை மியூசியத்துல நிக்குது. அந்த மியூசியக் கட்டடமும் 1795ல முடிஞ்சது, கீழ பேங்க், மாடில வியாபாரிங்க கூடற ஹால், லாட்டரி குலுக்கல் கூட அங்க நடக்கும். கொடிமரத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல அந்த மாடி ஹால யாரும் கண்டுக்கறதில்ல.

செங்கல்_சுப்பு:
கோட்டை மியூசியம் கட்டடம் பத்தி தனியா ஒரு இழை போடுங்க சார், அந்த சுண்ணாம்புப் பூச்சு பத்தியே நான் ரெண்டு பக்கம் எழுதுவேன்.

ஜெர்சி_பரமு:
ஒரு கேள்வி கேட்டேன், இவ்ளோ வந்துடுச்சு, எல்லாருக்கும் நன்றி. இப்போ சந்தேகம் என்னன்னா, அக்கா சொன்ன கேட்ஸ்பி பால்ரூம் மெட்ல தானே இருக்கு, அப்போ அலெக்ஸாண்ட்ரியா போகாமலே பாத்துடலாமா?

அலெக்ஸாண்ட்ரியா_அக்கா:
தாராளமா. மெட்ல அமெரிக்கன் விங், அலெக்ஸாண்ட்ரியா பால்ரூம்னு கேளுங்க. ரூம் காலியா தெரியுதுன்னு தாண்டிப் போயிடாதீங்க, நிமிந்து பாட்டுக்காரங்க மாடத்த பாருங்க. ஆனா மாமனார் செங்கல் பாக்கணும்னா ஆம்ட்ராக் ரயில் புடிச்சு எங்க ஊருக்குத்தான் வரணும், ஐஸ் கெணத்துச் சுவர்ல கைவைக்க விடமாட்டாங்க, கண்ணாடி வழியா பாத்துக்கட்டும்.

ஒண்டிக்கட்டை_ஓஹையோ:
கீழ இருக்கற ரெஸ்டாரன்ட்ல சாப்பாடு எப்படிக்கா?

அலெக்ஸாண்ட்ரியா_அக்கா:
வாத்துக்கறி நல்லாருக்கும். வெஜிடேரியன்னா வீட்லயே சாப்ட்டுட்டு வாங்க.